விலாசம் மாறிப்போன விவேகம்: சீகன்பால்குவின் 1713

கிறிஸ்தவ நம்பிக்கையை மற்றவர்களிடம் விவேகத்தோடு சொல்ல வேண்டும் என்றால், பலரும் அதை நயமாகப் பேசுவது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கோபப்படாதே, சண்டை போடாதே, நேரம் பார்த்துப் பேசு. அவ்வளவுதான். எனக்கு அது போதாது என்று படுகிறது. அதற்குத் தரங்கம்பாடி சீகன்பால்குவையே சாட்சிக்குக் கூப்பிடலாம்.

1706 ஜூலையில் அவர் அங்கே வந்து இறங்கினார். வந்த புதிதில் நடந்த ஒரு சங்கதியை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு கோயிலில் இருந்த உருவங்களில் சிலவற்றைக் கீழே தள்ளி, சிலவற்றின் தலையை உடைத்திருக்கிறார். இவற்றால் தம்மையே காத்துக்கொள்ள முடியாது என்று ஜனங்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம். அங்கிருந்த ஒருவரோ, இவை கடவுள்களே இல்லை, கடவுளின் போர்வீரர்கள்தான் என்று சொல்லிவிட்டார். ஆவேசத்துக்குக் குறைவில்லை. ஆனால் எதை அடிக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

அதன்பின் அவர் படித்த படிப்பு சாதாரணமானதல்ல. 1708-இல் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1712 முதல் தமிழர்களிடம் கடிதம் மூலம் கேள்வி கேட்டு, வந்த பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள், அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும். அந்தப் பதில்களில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடி, மாட்டிறைச்சி, சுத்தக்குறைவு பற்றிய கண்டனங்களும் உண்டு. அவற்றையும் அனுப்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த உழைப்பின் உச்சம் 1713-இல் அவர் எழுதிய தெய்வ வம்சாவளி நூல். பராபரவஸ்து என்னும் ஒரே பரம்பொருளில் தொடங்கி, மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என்று ஒழுங்காகப் போகிறது. ஐயனாருக்கும் மாரியம்மனுக்கும்கூட அதில் இடம் உண்டு. கண்டனம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தமிழர் சொன்னதைத் தமிழர் சொன்னபடியே பதிவுசெய்யும் பொறுமை அதில் இருக்கிறது. ஹாலே இதை அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற கருத்தில் பிராங்கே மறுத்ததாகச் சொல்வார்கள். நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது.

வழக்கமாக இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, பழியைப் பிராங்கே தலையில் போட்டுவிடுவோம். என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே 1713-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் சீகன்பால்குவின் தமிழ்க் கைப்பிரதி ஒன்று வெளிவந்தது. அதன் பொருள், அக்கியானம் எவ்வளவு அருவருப்பானது என்பது! அதாவது, தமிழரைப் புரிந்துகொண்டு எழுதியது ஜெர்மன்காரருக்கு. தமிழருக்குக் கிடைத்ததோ திட்டு. விவேகம் இருந்தது, ஆனால் விலாசம் மாறிப்போனது.

ஊழியக்காரர் தம் நம்பிக்கையை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டாமா என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்லட்டும். மறுப்பதை மறுக்கட்டும். ஆனால் பராபரவஸ்துவைப் பற்றித் தாமே பக்கம் பக்கமாக எழுதிய ஒருவர், அதே ஜனத்தைப் பார்த்து ஒன்றும் அறியாதவர்கள் என்கிற தொனியில் பேசலாமா? என் பார்வையில் இது நயம் குறைந்த பிரச்சினை மட்டுமல்ல. உண்மை குறைந்த பிரச்சினை. பிறர் மீது பொய்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை பக்கத்து வீட்டுக்காரரின் மதத்தைப் பற்றிப் பேசும்போதும் செல்லும்தானே?

பேருந்து நிலையத்தில் இன்றும் கைப்பிரதி கொடுக்கிறார்கள். நான் வாங்கிப் படிப்பேன். பலவற்றில் 1713-இன் அந்தக் கைப்பிரதிக் குரல்தான் கேட்கிறது. கேள்வி கேட்டுக் கடிதம் எழுதிய சீகன்பால்குவைக் காணோம். கொடுப்பவர் வாங்குபவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டு, அவர் சொல்வதை முழுக்கக் கேட்கட்டும். பிறகு அதை அவர் முன்னாலேயே, அவர் பாஷையிலேயே திருப்பிச் சொல்லிப் பார்க்கட்டும். அவர் 'ஆமாம், அதுதான்' என்று தலையாட்டினால், அதன்பிறகு சுவிசேஷத்தைச் சொல்லலாம்.