ஆறாவது தோட்டாவுக்கு ஓர் இடம்

கைக்குள் அடங்கும் ரிவால்வர் என்றால் ஐந்து தோட்டாதான் என்பது அமெரிக்காவில் ஏறக்குறைய எழுதாத சட்டம். 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட சீஃப்ஸ் ஸ்பெஷல் போட்டுக்கொடுத்த பாதை அது. கோல்ட்டின் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927-லேயே ஆறு தோட்டா கொண்டதுதான். ஆனால் சற்றுப் பருமன்.

2016-இல் கிம்பர் கொண்டுவந்த கே6எஸ் எனக்குப் பிடித்துப்போனது அதன் சிலிண்டரால். விட்டம் 1.39 அங்குலம்தான், ஆறு அறைகள், அதுவும் .357 மேக்னம் தோட்டாவுக்கு! வழக்கமான குழிந்த பள்ளங்களுக்குப் பதிலாகத் தட்டையான முகங்களைச் செதுக்கி, பருமனைக் குறைத்திருக்கிறார்கள். சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தால் அறைகளுக்கிடையே எஃகு எவ்வளவு மெல்லியதாக நிற்கிறது என்பது தெரியும். என்ன ஒரு வேலைப்பாடு!

சுத்தி உள்ளேயே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. விசை கனமானதுதான், ஆனால் நடுவில் எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. பழைய குட்டி ரிவால்வர்களில் மேல்பட்டையில் கீறிய பள்ளம்தான் பின்குறி. இதில் தனியாகப் பொருத்திய குறியும் கண்ணில் படும் வெள்ளைப் புள்ளிகளும் உண்டு.

எடை சுமார் 23 அவுன்ஸ். 2009-இல் வந்த ரூகர் எல்சிஆர், பாலிமர் உடலுடன் 13.5 அவுன்ஸ்தான், நாளெல்லாம் சுமக்க அது சுகம். ஆனால் கே6எஸ் சுடும் மேக்னம் தோட்டாவின் உதையை மணிக்கட்டு தாங்க வேண்டுமே! அந்த எஃகுக் கனத்தை நான் ஒருபோதும் குறையாகச் சொல்லமாட்டேன்.