இரைச்சலும் பாடபேதமும்

பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில், ஒரு வீட்டுக் கூடத்தில், மாலை வேளையில் நாகசுரக் குறுந்தட்டு ஒன்று சுழல்வதாகக் கொள்க. வாசிப்பவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை, இராகம் தோடி. பழைய அரக்குத் தட்டிலிருந்து பெயர்த்தெடுத்த பதிவு. காந்தாரத்தில் நின்று குழல் அசையும் இடத்தில் 'டிக்' என்று ஓர் ஒலி; உடனே மீண்டும் ஒன்று; பின்னும் ஒன்று. கேட்பவர் எழுந்து தட்டை மெல்லிய துணியால் துடைக்கிறார். ஒலி போகவில்லை. பக்கத்து வீட்டுக் கருவியில் இட்டுப் பார்க்கிறார். அதே இடத்தில் அதே ஒலி. சில நாள் கழித்து அதே வாசிப்பு வேறொரு வெளியீட்டாரின் குறுந்தட்டாகக் கைக்கு வருகிறது. அதில் 'டிக்' இல்லை, இரைச்சலும் இல்லை. புளியிட்டுத் துலக்கிய குத்துவிளக்குப்போல் பளிச்சென்று இருக்கிறது. அவர் மகிழ்ந்து, முன்னதை அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிடுகிறார்.

இவ்விரண்டனுள் நல்ல பதிப்பு எது என்னும் வினா தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ஒரு நூலுக்கு இரண்டு பதிப்புகள் இருந்து, ஒன்று அடிதோறும் பிரதிபேதம் காட்டி இடையிடையே புள்ளியிட்டு நிற்க, மற்றொன்று தங்குதடையின்றி ஓடுமாயின், ஓடுவதையே வாங்குவோர் பலர். ஆராய்வோர் கை மற்றதன்மேல் செல்லும். பழைய இசையைப் பெயர்த்து வெளியிடுவோரும் பதிப்பாசிரியரே. ஆயினும் பதிப்பாசிரியர்க்குரிய கடமையை அவர்களிடம் கேட்பார் இல்லை. இசையைக் குறித்து எழுதப்பெறும் மதிப்புரைகளும் 'ஒலி தெளிவாக உள்ளது' என்பதோடு அமைந்துவிடுகின்றன.

இரைச்சலை நீக்குமுன் அதன் ஊர் எது என்று அறிதல் வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டுவதில்லை. நொடி காட்டும் கைக்கடிகாரம் ஒன்று போதும். குறிப்பிட்ட ஒலி எக்கருவியில் இட்டாலும் அதே இடத்தில் வருமாயின் குற்றம் கருவியினது அன்று. அதே வெளியீட்டின் மற்றொரு படியிலும் வருமாயின் குற்றம் கையிலுள்ள படியினதும் அன்று, மூலத்திலேயே உள்ளது. அடுத்து, 'டிக்' ஒலிகளின் இடைவெளியை அளந்து பார்க்கலாம். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் தட்டில் குறுக்கே விழுந்த கீறல் சுற்றுக்கு ஒருமுறை முள்ளில் தட்டும். அஃதாவது ஏறத்தாழ 0.77 நொடிக்கு ஒருமுறை. பத்து ஒலிகளை எண்ணி வகுத்தால் கணக்குத் தெளிவாகும். இடைவெளி 1.8 நொடியாக இருப்பின் மூலம் 78 சுற்றுத் தட்டு அன்று; அதிலிருந்து பிற்காலத்தில் எடுத்த 33⅓ சுற்று நெடுந்தட்டு. உறையின்மேல் 'மூல இசைத்தட்டிலிருந்து' என்று அச்சிட்டிருந்தாலும், படிக்குப் படி எடுத்த குட்டு அந்த ஒரு கீறலில் வெளிப்பட்டுவிடும். பாட்டுத் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நொடி முன்னே, அதே பாட்டின் முதல் ஒலி பேய்க்குரல்போல் மிக மெல்லக் கேட்குமானால், இடையே ஒலிநாடா ஒன்று இருந்திருக்கக்கூடும். நாடா சுருளாகக் கிடக்கும்போது ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்வதால் விளைவது அது. எழுதினோன் பிழையைக் கொண்டு எந்த ஏட்டிலிருந்து எந்த ஏடு படியெடுக்கப்பெற்றது என்று சுவடியாராய்ச்சியார் வழி காண்பதும் இவ்வாறேயாம்.

இன்னும் ஒன்று. பல பழம்பதிவுகளின் அடியில் 'ம்ம்' என்ற தொடர்முழக்கம் ஓயாது கேட்கும். அது மின்சாரத்தின் முழக்கம். இந்தியாவிலும் மலேசியாவிலும் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முழுதாக அலைவது. ஆதலின் முழக்கமும் 50, 100 என்னும் அதிர்வெண்களில் நிற்கும். இதைக் கண்டவுடன் அறுத்தெறிவது தூய்மை செய்வோர் வழக்கம். ஆனால் பதிவு செய்த நாளில் புகுந்த முழக்கம் இன்று ஒலிக்கும்போது 50இல் நில்லாமல் 51இல் நின்றால், பெயர்த்தவர் நூற்றுக்கு இரண்டு பங்கு விரைவாகச் சுழலவிட்டார் என்று ஐயுற இடம் உண்டு. மின்சாரமும் சிறிது ஏறி இறங்குவதே. ஆகையால் இது ஒன்றே முடிந்த சான்று ஆகாது. எனினும் சான்று சான்றே. அதை அழித்தபின் வேகத்தைச் சோதிக்க ஒரு வழி குறைந்துபோகிறது.

வேகம் சிறு செய்தி அன்று. 78 என்பது நாளடைவில் நிலைபெற்ற கணக்கு. முற்காலத் தட்டுகள் 80 சுற்றிலும், அதற்கு முன்பின்னாகவும் வெட்டப்பெற்றன. 80இல் வெட்டிய தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழக் கால் கட்டை இறங்கும், காலப்பிரமாணமும் தளரும். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து 1933இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தவர். அவர் நாடக மேடையில் பாடியதைக் கேட்டவர் இன்று இல்லை. அவர் குரல் என்று கிடைப்பது 78 சுற்றுத் தட்டுகளில் உள்ளதே. அத்தட்டுகளைப் பெயர்த்தவர் எந்த வேகத்தில் ஓட்டினார், எதைக்கொண்டு அவ்வேகத்தை முடிவு செய்தார் என்று உறையில் ஒரு வரி இருந்தால் போதும். அவ்வரியின்றி, 'கிட்டப்பாவின் சுருதி இத்தனை கட்டை' என்று மேடையில் அடித்துப் பேசுவது, பாடம் தேறாத அடியை வைத்துக்கொண்டு யாப்பிலக்கணம் வகுப்பது போன்றது.

தட்டின் தொடர் இரைச்சலுக்குக் காரணம் அதன் உடம்பிலேயே உண்டு. அரக்கு மட்டும் கொண்டு அத்தட்டுகள் செய்யப்படவில்லை. கல்லைப் பொடித்த மாவும் பெரும்பங்கு சேர்ந்தது. பலகைக்கல், சுண்ணாம்புக்கல் முதலியன அதற்குப் பயன்பட்டன. எஃகு முள்ளின் நுனியைத் தேய்த்துப் பள்ளத்திற்கு ஏற்ப அமைத்துக்கொள்ள அம்மாவு உதவியது. ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள், தாங்கள் கேட்கும் 'உஸ்' என்னும் ஒலியும் ஒருவகையில் கல்லின் ஒலியே என்று அறிந்தால் வியப்பர்.

இனிக் குறுந்தட்டு. ஜப்பானில் 1982இல் விற்பனைக்கு வந்த இது 12 சென்டிமீட்டர் அகலம் உடையது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக வைப்பது. இதில் கீறல் விழுந்தால் நேர்வது யாது என்பதே தமிழாசிரியர் ஊன்றிப் பார்க்கத்தக்கது. எண்கள் ஒருங்கே எழுதப்படுவதில்லை. ஒரு செய்யுளின் சீர்களைப் பல ஏடுகளில் பிரித்து எழுதி, சரிபார்க்கக் குறிப்பும் சேர்த்து வைத்தாற்போல் சிதறி எழுதப்படுகின்றன. ஆதலால் தடத்தில் 2.5 மில்லிமீட்டர் நீளம் வரை சேர்ந்தாற்போல் அழிந்தாலும், எஞ்சியவற்றைக் கொண்டு இழந்ததை உள்ளவாறே மீட்டுவிட முடியும். இது திருத்தம். அழிவு அதனினும் பெரிதானால், கருவி அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து நடுவே ஒன்றை ஊகித்து இடும். இது ஊகம். அதற்கும் மிஞ்சினால் ஒலியை அடக்கிவிடும், அல்லது 'படார்' என்னும். ஏடு பல ஒப்பிட்டுப் பாடம் தேர்வதும், உய்த்துணர்ந்து சொல் இடுவதும், இடம் விடுவதும் ஆகிய பதிப்புத் தொழிலின் மூன்று நிலைகளும் இங்கே ஓர் இயந்திரத்தில் இருக்கின்றன. ஒரு குறை: தான் திருத்தியது எது, ஊகித்தது எது என்று அது கேட்பவர்க்குச் சொல்வதில்லை.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது, ஏடுகளில் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டே விட்டார். அவர்க்குச் சொல் பஞ்சம் இல்லை. ஒரு சீரோ ஓர் அடியோ இட்டு நிரப்பும் ஆற்றல் அவரினும் மிக்கார்க்கு இருந்திருக்காது. ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. ரகரத்திற்கும் காலுக்கும் வடிவம் ஒன்றே. அத்துணை மயக்கத்தினிடையே ஒவ்வோர் எழுத்தையும் முடிவு செய்தவர், முடிவு செய்ய இயலாத இடத்தில் கையை எடுத்துவிட்டார். அப்புள்ளிகளைப் பார்த்து 'அச்சு அழகாக இல்லை' என்றவர் உண்டோ?

இரைச்சல் நீக்கும் தொழில் கணினிக்கு வந்து பல்லாண்டு ஆயிற்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் 1988இல் அமைந்த செடார் நிறுவனம் இத்துறையில் முன்னின்றது. இத்தொழிலால் விளைந்த நன்மை பெரிது. அதை மறுப்பார் இல்லை. முழுக் கீறலில் மூழ்கிக் கிடந்த குரல்கள் பல இன்று கேட்கத்தக்கனவாயின. ஆயினும் கணினிக்குத் தவிலும் தெரியாது, நாகசுரமும் தெரியாது. திடுமென எழுந்து திடுமென அடங்கும் கூர்மையை அது 'கீறல்' என்று கொள்ளும். தவிற்கலைஞர் வலக்கை விரல்களில் கூடு அணிந்து தட்டும் சொல்லும் அத்தகைய கூர்மையே. மேலைநாட்டுப் பித்தளைக் குழல்களின் ஒலியைக் கீறல் என்று மயங்கிச் சிதைப்பது இவ்வகைக் கருவிகளின் அறிந்த குற்றம். சீவாளியினின்று எழும் நாகசுர ஒலிக்கும் அந்த இடர் உண்டு. தொடர் இரைச்சலை நீக்கும் முறையோ வேறு. பாட்டில்லாத ஓர் இடத்தில் இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொண்டு, பதிவு முழுவதிலும் அதைக் கழிப்பர். அந்த இடத்தில் ஒத்து ஒலித்துக்கொண்டிருந்தால் ஒத்தும் இரைச்சல் கணக்கில் போய்ச் சேரும்! அளவு மீறிக் கழித்தால், நீருக்கடியில் மணிகள் கிணுகிணுப்பது போன்ற ஒலி எஞ்சும். பொறியாளர்கள் அதற்கு இட்ட பெயர் 'இசை இரைச்சல்'. வேண்டாத பொருளுக்கு வாய்த்த பெயர்களுள் இதனினும் குறும்பானது அரிது.

கேடு நேர்வது கேட்பவர் செவிக்கு மட்டும் எனில் பொறுக்கலாம். இன்று நாகசுரம் பயிலும் இளைஞர்க்குப் பழைய மேதைகள் இத்தட்டுகளில்தான் ஆசிரியராக இருக்கின்றனர். காந்தாரத்தின் அசைவு முடிந்து ஓய்வதற்குள் வால் அறுபட்ட பதிவைக் கேட்டவன், இராசரத்தினம் பிள்ளை அவ்வாறே வெடுக்கென்று நிறுத்தினார் என்று எண்ணுவான். எண்ணித் தானும் அவ்வாறே வாசிப்பான். பிழைபட்ட பாடம் உரையாசிரியர் கையில் பொருள் பெற்றுவிடுவதை ஒப்பது இது.

இரைச்சல் என்று ஒதுக்கத் தகாதவையும் உள. கச்சேரிப் பதிவில் பாடகர் கனைப்பதும், நடுவில் தம்பூராவைச் சேர்ப்பதும், மிருதங்கத்தைக் கல்லால் தட்டிச் சுருதி கூட்டுவதும், ஒரு சங்கதிக்குப் பின் அவையில் எழும் 'பலே'யும் அந்தக் கச்சேரியின் உறுப்புகள். ஈப்போக் கல்லுமலைச் சுப்பிரமணியர் கோயிலில் தைப்பூசத்தன்று நாகசுரம் கேட்டவர், கூட்டமும் மணியும் அரோகரா முழக்கமும் ஆகிய எல்லாவற்றினூடும் அக்குழல் கிழித்துக்கொண்டு வருவதை அறிவர். திறந்தவெளிக்கென்று அமைந்த கருவி அது. அதன் ஒலியைப் பஞ்சறையில் பிறந்ததுபோல் ஆக்கிக் காட்டுவதில் சிறப்பு ஒன்றும் இல்லை.

வெளியீட்டார் செய்யத்தக்கது அரிதன்று. மூலம் அரக்குத் தட்டா, நெடுந்தட்டா, நாடாவா. ஓட்டிய வேகம் என்ன. கீறல் நீக்கினரா, தொடர் இரைச்சலும் நீக்கினரா. எங்கேனும் ஒலி அறுந்து ஒட்டப்பெற்றதா என்று நான்கு வரி உறையின் உட்பக்கத்தில் அச்சிடலாம். தொடாத படியொன்றைத் தனியே காத்து வைத்தல் அதனினும் முதன்மையானது. இரைச்சல் நீக்கும் கலை நாளுக்கு நாள் வளர்வது. இன்று கழித்தது நாளை கிடைக்காது.

ஜெலாப்பாங் வீட்டிற்கு மீண்டால், இரு தட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்பதே வழி. தவில் ஓய்ந்து நாகசுரம் மூச்சுவிடும் இடங்களில் செவியை நிறுத்துக. பளிச்சென்ற தட்டில் அவ்விடங்களில் ஒத்தும் கூடவே அணைந்து, குழல் எழும்போது தானும் எழுமானால், கத்தி எங்கே பட்டது என்பது தெரிந்துவிடும். பின்னர் அடித்தட்டில் கிடக்கும் பழைய தட்டைத் தேடி எடுக்க வேண்டும். அதையும் ஈரத்தில் விடுதல் ஆகாது. நடு அமெரிக்காவின் பெலீசு நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் குறுந்தட்டின் அலுமினியப் படலத்தையே பூஞ்சணம் தின்றதை 2001இல் கண்டறிந்தனர். பேராக்கின் காற்றும் உலர்ந்ததன்று.