அட்லாண்டிக் செதுக்கிய கப்பல்

உல்லாசக் கப்பலைப் புகழ்பவர்கள் நீச்சல் குளங்களையும் உணவுக்கூடங்களையும் எண்ணிச் சொல்வார்கள். எனக்கு ‘குயீன் மேரி 2’ பிடித்துப்போனது அதன் உயிர்காப்புப் படகுகளால். அவை தொங்கும் உயரத்தைக் கவனியுங்கள். நீர்மட்டத்திலிருந்து 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது சர்வதேச விதி. இங்கே 25 மீட்டர். வட அட்லாண்டிக்கின் பேரலை அந்தப் படகுகளைத் தொட்டுவிடக் கூடாது என்று வாதாடி விதிவிலக்கு வாங்கினார், வடிவமைப்பாளர் ஸ்டீபன் பெயின். தீவுக்குத் தீவு வெயில் காயப் போகிற கப்பல், புயல் என்றால் ஒதுங்கி வேறு துறைமுகம் பார்த்துக்கொள்ளும். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குச் சொன்ன நாளில் போய்ச் சேர வேண்டிய கப்பலுக்கு அந்தச் சலுகை ஏது?

பிரான்சின் சான் நசேரில் கட்டப்பட்டு, 2004 ஜனவரியில் முதல் பயணம் போன இந்த 345 மீட்டர் கப்பலுக்குச் சுக்கானே கிடையாது. மின்மோட்டாரும் விசிறியும் சேர்ந்த நான்கு கூடுகள் அடிவயிற்றுக்கு வெளியே, நீருக்குள் தொங்குகின்றன. இரண்டு அசையாதவை, மற்ற இரண்டும் முழுவட்டம் சுழன்று கப்பலைத் திருப்பிவிடும். அந்த விசிறிகளின் மாற்று இதழ்கள் எட்டையும் எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அணியத்தின் திறந்த தளத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி. பட்டறை மூலையில் கிடக்க வேண்டிய உதிரிபாகம் வெயிலில் சிற்பமாகப் பளபளக்கிறது. ‘கமடோரின் (மூத்த கப்பல் தலைவரின்) சட்டைக்கைப் பொத்தான்கள்’ என்று அவற்றுக்குச் செல்லப்பெயர். இரும்பை வைத்துக் கேலி பேசத் தெரிந்தவர்கள்!

புகைபோக்கியின் உயரத்தை முடிவு செய்தது ஒரு பாலம். நியூயார்க்கின் நுழைவாயிலில் நிற்கும் வெரசானோ பாலத்தின் கீழே கப்பல் புகுந்தாக வேண்டும். குட்டைப் புகைபோக்கி என்றால் புகை பயணிகள் மேலேயே இறங்கும். அதனால் அதன் அடியில் எதிர்க்காற்றை வாங்கிப் புகையை மேலே தள்ளும் பெரிய வளைவு ஒன்றை அமைத்தார்கள். பார்ப்பதற்கு அதுவே அழகு.

எல்லாவற்றையும்விட நான் மயங்குவது அந்தப் புகைபோக்கியில் இருக்கும் சங்கில். இரண்டில் ஒன்று, 1930களின் பழைய குயீன் மேரியினுடையது. அந்தக் கிழவி இப்போது கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிரந்தரமாக நிற்கிறாள். குரலை மட்டும் பேத்திக்கு இரவல் கொடுத்திருக்கிறாள். நீராவிக்காகச் செய்த சங்கு இன்று அழுத்தக் காற்றில் ஊதுகிறது. சுமார் 16 கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும். ஆனால் அடித்தொண்டையின் அடியிலிருந்து வருகிற மந்த்ர ஸ்வரம் அது. தூரத்துக் கப்பலை எச்சரிக்க வேண்டும், தளத்தில் நிற்பவருக்குக் காது வலிக்கவும் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சுருதி வைத்திருக்கிறார்கள். அபாயச் சங்குக்கும் இங்கிதம் உண்டு.

நேரத்தைக் கையாளும் விதமும் ரசிக்கத்தக்கது. மேற்கே போகும் ஏழு இரவுப் பயணத்தில் ஐந்து முறை கடிகாரத்தைப் பின்னால் நகர்த்துவதால், அந்த நாட்களுக்கெல்லாம் 25 மணி நேரம். தூங்குமூஞ்சிகளின் சொர்க்கம். கிழக்கே திரும்பும்போது கடன் வசூலாகிவிடும்: பகல் 12 அடித்த கையோடு மணி 1.

இந்தக் கப்பலில் நாய்களுக்கும் இடம் உண்டு. 2016இல் புதுப்பித்தபோது, அவை உலாவும் தளத்தில் ஒரு பிரிட்டிஷ் தெருவிளக்குக் கம்பத்தையும் ஓர் அமெரிக்கத் தீயணைப்புக் குழாயையும் நட்டுவைத்தார்கள். எந்தக் கரையில் பிறந்த நாயானாலும், காலைத் தூக்கப் பழக்கப்பட்ட இடம் வேண்டுமல்லவா!