காய்ந்த கல்லுக்கு எட்டு வாரம்

மூன்றாம் நாள் காலை பக்கெட் மூடியைத் திறந்ததும் மொட்டை மாடி முழுக்கக் கருவாட்டு வாடை. துணி உலர்த்த வந்த கீழ்வீட்டு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீனே இல்ல, எங்கேர்ந்து தம்பி இந்த நாத்தம்?" என்றார். பக்கெட்டில் இருந்தது உப்புத் தண்ணீரும் நாலு கிலோ கல்லும்தான். அதுவும் இரண்டு வருடம் சாக்கில் கிடந்து, வெயிலில் காய்ந்து, சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்திருந்த கல்.

கடல்மீன் தொட்டி வைக்கப் புதிதாக இறங்குகிறவர்களிடம் முதலில் நீட்டப்படுவது இந்த ‘டிரை ராக்’தான். "கழுவிட்டுப் போட்டுடலாம் சார், வேலையே இல்ல" என்பார்கள். எட்டு வாரம் அதோடு மல்லுக்கட்டிய பிறகு சொல்கிறேன்: கல் நல்ல சரக்கு. ‘வேலையே இல்ல’ என்பதுதான் பொய்.

கல் எதற்கு?

நன்னீர்த் தொட்டியில் கல் அலங்காரம். கடல்நீர்த் தொட்டியில் அதுதான் ஃபில்டர். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இவை குடியிருக்க நிறையப் பரப்பு வேண்டும். நுண்துளை நிறைந்த கால்சியம் கார்பனேட் கல் அதற்குத் தோதான இடம். இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையை வைத்தே தொட்டியை நடத்தும் முறையைப் பற்றி 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். ‘லைவ் ராக்’ மோகம் பரவியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஈரம் காயாமல் வரும் லைவ் ராக் உறைந்த தயிர் என்றால், டிரை ராக் வெறும் பால். நாம்தான் பிரை ஊற்றிக் காத்திருக்க வேண்டும். பால் திரிந்திருந்தால் எவ்வளவு நல்ல பிரை ஊற்றியும் பயனில்லை. கல்லைத் தயார் செய்வது என்பது, பால் திரிந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யும் வேலை.

நம் ஊரில் லைவ் ராக்குக்கு ஆசைப்படக் கூடாது என்பதற்குச் சட்டமும் காரணம். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்த துண்டானாலும் எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்துபோயின. இப்போது எஞ்சியிருப்பவை 21. ஆகவே நான் சோதித்தது முழுக்கச் செயற்கைக் கல்: சுண்ணாம்புக்கல் துகளைச் சிமென்ட்டோடு குழைத்து வார்த்தது. வாங்கும்போது ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கார்பனேட் கல். நுரைக்காவிட்டால் அது வேறு ஏதோ.

கையில் இருந்த சரக்கு

என் தொட்டி 200 லிட்டர். லிட்டருக்கு 100 கிராம் கணக்கில் 20 கிலோ கல். அதில் 12 கிலோ, வீடு மாறிப்போன நண்பர் ஒருவர் தொட்டியைக் கலைத்தபோது கொடுத்த பழைய கல். மீதி 8 கிலோ கடையில் வாங்கிய புதிது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கோளாறு வேறு வேறு.

பழைய கல்லின் துளைகளில் செத்துக் காய்ந்த புழு, பாசி, பஞ்சுயிர் எல்லாம் இருக்கும். காய்ந்தது அழிந்துவிடாது, தண்ணீர் பட்டதும் ஊறி அழுகும். அந்தக் கருவாட்டு வாடையின் மூலம் இதுதான். அதைவிடத் தந்திரமானது பாஸ்பேட். பழைய தொட்டியில் வருடக்கணக்கில் போட்ட தீனியிலிருந்து வந்த பாஸ்பேட் கல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாடை கிடையாது, நிறம் கிடையாது. புதுத் தண்ணீரில் மெல்ல மெல்லக் கசிந்து பாசிக்கு உரமாகும்.

மூன்று பக்கெட் சோதனை

பழைய கல்லை நாலு நாலு கிலோவாகப் பிரித்தேன். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் போட்டு, கல்லை நனைத்த பிறகே பிரஷ் போட்டேன். சிலவகை ஜோவாந்திட் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கிருமி சாகட்டும் என்று கல்லைக் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். எந்தக் கல்லையும், எந்தக் காரணத்துக்கும் வேகவைக்காதீர்கள்.

முதல் பக்கெட்: பிரஷ் போட்டு, உப்புத் தண்ணீரில் ஊறவைத்தது மட்டும். உள்ளே ஒரு சின்ன மோட்டார். மூன்றாம் நாள் அம்மோனியா கிட் கரும்பச்சை காட்டியது. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி, ஐந்தாவது வாரம்தான் மஞ்சளுக்குத் திரும்பியது. வேலை குறைவு; நாற்றமும் உப்புச் செலவும் அதிகம்.

இரண்டாம் பக்கெட்: பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், ஐந்து நாள். அழுக்கெல்லாம் கரைந்து தண்ணீர் கலங்கியது; கல் பளிச்சென்று வெளுத்தது. அலசி ஒரு வாரம் வெயிலில் போட்டு, மிச்சக் குளோரின் போகச் சோடியம் தயோசல்பேட் கரைத்த நீரில் ஊறவைத்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. மாநகராட்சிக்காரர்கள் தெளிக்கும் குளோரின் கரைசலுக்கும் ‘ஹைப்போ’ என்று பெயர். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று சொன்னது இந்தத் தயோசல்பேட்டை. ஒன்று குளோரினைக் கொடுப்பது, மற்றது அதை முறிப்பது. கடையில் முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நான் ‘ஹைப்போ’ என்று மட்டும் கேட்டு, முறிப்பதற்குப் பதில் இன்னொரு பாட்டில் குளோரினோடு வீடு திரும்பினேன்.

மூன்றாம் பக்கெட்: இரண்டாவதுக்குச் செய்ததையெல்லாம் செய்து, நன்றாக அலசிக் காயவைத்து, பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலக் குளியல். திறந்த வெளியில், தண்ணீரில் அமிலத்தை ஊற்றினேன். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் நிறமும் வாசனையும் கலந்திருக்கும், அது ஆகாது. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தாற்போல் நுரை பொங்கியது. 30 சதவீத அமிலம் ஒரு லிட்டர், கணக்குப்படி ஏறக்குறைய அரைக் கிலோ கல்லைத் தின்றுவிடும். பாஸ்பேட் ஒட்டிய மேல்தோல் அதோடு போகிறது, அடைபட்ட துளைகள் திறக்கின்றன. ஆனால் வார்ப்புக் கல்லில் ஒட்டுப்பசையே சிமென்ட்தான். அமிலம் அதையும் அரிக்கும். என் பெரிய வளைவுக் கல் மூன்றாக உடைந்தது. இன்னொன்றை மறக்காதீர்கள்: குளோரின் கரைசலும் அமிலமும் சந்தித்தால் விஷவாயு வரும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பக்கெட்டில் கையாளாதீர்கள்.

எல்லாம் முடிந்து, மூன்றையும் தனித்தனி உப்புநீரில் இரண்டு வாரம் வைத்துப் பாஸ்பேட் பார்த்தேன். முதல் பக்கெட் கிட்டின் நிற அட்டையில் இருந்த கடைசி நீலத்தையும் தாண்டியது. இரண்டாவது அதற்கு ஓரிரு படிதான் கீழே. வெள்ளை வெளேரென்று இருந்த கல்! மூன்றாவதில் மட்டும் நீலம் வெளிறியிருந்தது. குளோரின் அழுகலைத் தின்னும். கல்லோடு ஒட்டிய பாஸ்பேட்டைத் தொடாது. வெளுத்த கல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இந்த இரண்டாம் பக்கெட்தான் சாட்சி.

பாஸ்பேட்டை இறக்குவது

உடையாமல் தப்பிய பழைய கல்லையெல்லாம் ஒரே டிரம்மில் போட்டு லந்தனம் குளோரைடு சொட்டுச் சொட்டாக விட்டேன். நீச்சல் குளத்துப் பாசிக்கு விற்கும் மருந்துகளிலும் இதுதான் இருக்கிறது. பாஸ்பேட்டோடு சேர்ந்து பால் போல வெண்மையாகப் படியும். மோட்டார் வாயில் மெல்லிய துணிப்பை கட்டி அதை வடிகட்ட வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் புதியவர்கள் இதைச் செய்யவே கூடாது. முதல் தவணையில் கிட் நிறமற்றுப் போனதும் ‘முடிந்தது’ என்று நினைத்தேன். இரண்டு நாளில் மறுபடி நீலம். தண்ணீரில் குறையக் குறையக் கல் தன் இருப்பை வெளியே விடுகிறது. ஐந்து தவணைக்குப் பிறகுதான் 0.1 பிபிஎம்முக்குக் கீழே நின்றது. பொறுமை இருந்தால் இரும்பு ஆக்சைடு குருணையை ஃபில்டரில் போட்டும் இதைச் செய்யலாம்.

புதுக் கல்லுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதன் தொல்லை சிமென்ட். முதல் நாள் சாதாரண ஆர்.ஓ. தண்ணீரில் போட்டதும் பிஹெச் 10-ஐத் தொட்டது. கடல்நீருக்கு 8.1 முதல் 8.4 வரை போதும். வாரம் ஒரு தண்ணீர் என்று மூன்று வாரம் மாற்றியபின் வழிக்கு வந்தது. வீடு கட்டும்போது தளத்துக்குத் தண்ணீர் விட்டுக் ‘கியூரிங்’ பண்ணுவோமே, கிட்டத்தட்ட அதே பாடுதான்.

பிரை ஊற்றுதல்

கல்லை அடுக்குவதைத் தண்ணீர் விடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கனமான கல்லைக் கண்ணாடி மேல் நேராக நிறுத்தி, மணலைப் பிறகு போடுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால், மணலைத் தோண்டும் மீன் ஒரு நாள் சரித்துவிடும். பசைக்குச் சூப்பர் குளூ ஜெல் போதும். தொட்டிச் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காகத் தாதுவைக் கலக்கும் திருகு இருக்கும். அந்தத் தண்ணீர் பூஜ்ஜியம் டிடிஎஸ் ஆகாது. டீஅயனைசர் பிசின் வழியாக ஒருமுறை ஓடவிட வேண்டும். உப்பு 1.025 அடர்த்திக்கு. சென்னையில் ஹீட்டர் தேவைப்படவில்லை. வெயிலுக்குத் தண்ணீர் தானாகவே 29 டிகிரியில் நின்றது. பாக்டீரியாவுக்கு அது சுகம். மீன் வந்த பிறகுதான் அந்தச் சூடு தலைவலி. மின்விசிறியால் குளிரவைத்தால் தண்ணீர் ஆவியாகும். அதை ஈடுகட்ட ஊற்றுவது நன்னீராக இருக்க வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை.

பாக்டீரியாவுக்குத் தீனி அம்மோனியா. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தேய்ப்பாரே நவச்சாரம், அதன் தூய வடிவமான அம்மோனியம் குளோரைடுதான் நான் போட்டது. கடைத்தெரு நவச்சாரம் வேண்டாம், ஆய்வகத் தரம் கேளுங்கள். 200 லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் போட்டால் 2 பிபிஎம் அம்மோனியா. கூடவே பாட்டில் பாக்டீரியா ஒன்று, விளக்கு அணைத்தபடி. முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் அம்மோனியா சரிந்து நைட்ரைட் ஏறியது. நைட்ரைட் இருக்கும்போது சில நைட்ரேட் கிட்கள் ஏறுமாறாக அதிகம் காட்டும்; பயப்படாதீர்கள். மூன்றாம் வாரம் முடிவில், காலையில் போட்ட 2 பிபிஎம் மறுநாள் காலைக்குள் அம்மோனியாவாகவும் இல்லை, நைட்ரைட்டாகவும் இல்லை. கல் தயார் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சான்றிதழ் இதுதான்.

விளக்கைப் போட்டதும் கல் மேல் பழுப்புப் பொடி படியும். அது டயட்டம் பாசி. பெரும்பாலும் சில வாரத்தில் தானாக விலகும். அதற்காகக் கல்லை வெளியே எடுத்து மறுபடி குளோரினில் போட்டால், மூன்று வாரம் குடிவைத்த பாக்டீரியா அத்தனையும் காலி.

நிறை, குறை, தீர்ப்பு

நிறை: சட்டச் சிக்கல் இல்லை. கண்ணாடி அனிமோன் போன்ற களைகள் தொற்றி வருவதில்லை. ஈரம் இல்லாததால் அவசரமின்றி அடுக்கிப் பார்த்துக் கலைக்கலாம். குறை: உயிர்ப் பன்மை பூஜ்ஜியம், முதல் ஆறேழு மாதம் பாசி ஆட்டம் காட்டும், நமக்கு வேண்டிய ஊதாப் பாசி தானாக வராது, நம்பகமான நண்பரின் தொட்டியிலிருந்து சின்னத் துண்டு வாங்கி விதைக்க வேண்டும்.

பத்துக்கு ஏழு மதிப்பெண். இலவசமாகக் கிடைத்த பழைய கல் கடைசியில் எனக்கு இலவசமாக இருக்கவில்லை. குளோரின், லந்தனம், உப்பு, கிட் என்று கூட்டிப் பார்த்தால் புதுக் கல்லின் விலையை நெருங்கிவிட்டது. முதல் தொட்டி வைப்பவர் புதுக் கல்லே வாங்குங்கள். பழையது கையில் வந்துவிட்டால் இரண்டாம் பக்கெட் முறை, அதன்பின் பாஸ்பேட் இறக்கல், அமிலத்தை விட்டுவிடுங்கள். எதுவானாலும் அம்மோனியா, பாஸ்பேட் என்ற இரண்டு கிட்களைக் கல்லுக்கு முன்பே வாங்குங்கள். மீனைக் கடைசியில் வாங்குங்கள், அதுவும் கடலில் பிடித்ததாக இல்லாமல் பண்ணையில் பொரித்ததாக. கோமாளி மீனைப் பொரிக்கவைக்கும் நுட்பம் நம் மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்திலேயே இருக்கிறது.