சிறு சக்கரங்களில் ஒரு நாடு

பயண இலக்கியத்தில் ஒரு சிறு கிளை உண்டு. கப்பலையும் விமானத்தையும் புகைவண்டியையும் விடுத்து, கடைத்தெருவுக்குப் போய்வரவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஏற்பட்ட ஸ்கூட்டரை நெடுவழிக்கு ஓட்டிச் செல்வோர் எழுதும் நூல்கள் அவை. இத்தாலியரான ஜியார்ஜியோ பெத்தினெல்லி 1992-93இல் ரோமிலிருந்து வியட்நாமின் சைகோன் வரை வெஸ்பாவில் சென்று, அதை 1997இல் நூலாக்கினார். பின்னர் எழுதிய மற்றொரு நூலின் தலைப்பிலேயே 2,54,000 கிலோமீட்டர் என்று கணக்கும் காட்டினார். வியக்கத்தக்க சாதனைதான், ஆனால் கிலோமீட்டர் கணக்கு இலக்கியக் கணக்கு ஆகாது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அதனினும் மிகச் சிறிய ஒரு பயணத்தை. ஆஸ்திரேலியரான பீட்டர் மூர், 1961ஆம் ஆண்டின் பழைய வெஸ்பா ஒன்றை வாங்கி, மிலானிலிருந்து ரோம் நோக்கிச் சென்றதை 'வ்ரூம் வித் எ வியூ' என்ற பெயரில் 2003இல் வெளியிட்டார். ஃபிளாரன்ஸ் நகரைக் களமாகக் கொண்ட ஈ.எம். ஃபார்ஸ்டரின் 1908ஆம் ஆண்டு நாவலின் பெயரில், 'அறை' இருந்த இடத்தில் எஞ்சினின் உறுமலை வைத்துவிட்டார் மனிதர்!

மிலானுக்கும் ரோமுக்கும் இடையே 1964இல் முழுமையடைந்த விரைவுச்சாலை உள்ளது. மோட்டார் காரில் செல்வோர் காலையில் புறப்பட்டு மாலைக்குள் சேர்ந்துவிடலாம். ஸ்கூட்டர்காரருக்கு அந்த வழி அடைபட்டது. 150 சி.சி.க்குக் குறைந்த இருசக்கர வண்டிகள் விரைவுச்சாலையில் ஏறக்கூடாது என்பது 2024 வரை இத்தாலியச் சட்டமாக இருந்தது. அந்நாளைய வெஸ்பா 150 பெயரளவில்தான் நூற்றைம்பது. உள்ளபடி 145 சி.சி.யை ஒட்டியது. ஐந்து சி.சி. குறைவால் ஒருவர் கிராமங்களுக்குள் தள்ளப்பட்டார்! ஃபிளாரன்ஸையும் சியெனாவையும் கியாந்தி மேடுகளின் வழியே இணைக்கும் வளைவுச்சாலையும், பண்டைய ரோமர் வகுத்த காஸியா வழியும் அவருக்கு வாய்த்தது இதனால்தான். மெதுவாகப் போவதை ஒரு ஞானமாகப் போற்றிப் பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே மெதுவாகப் போனது கட்டாயத்தால். சுவை பின்னால் வந்து சேர்ந்தது.

இப்பயணத்தின் அருமை நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். வெஸ்பாவின் வார்ப்பில் அமைந்த சேத்தக் வண்டி 1972இல் வந்தபோது, பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே பல. காலையில் வண்டியைச் சாய்த்துப் பிடித்து உதைத்ததும், பிளக்கைக் கழற்றித் துடைத்ததும், பெட்ரோலோடு ஆயிலை அளந்து கலந்ததும் யாருக்கு மறக்கும்? அப்பெனைன் மலையில் அந்தச் சிறு எஞ்சின் படும் பாட்டை, சொகுசுக் காரையே கண்டவர்கள் உணர்வதைவிட நாம் நன்றாக உணர்வோம். எஞ்சின் மூடப்பட்டு, முன்புறம் கால் வைக்கத் தட்டை அமைந்த வண்டி அது. கைலி கட்டியவரும் நீண்ட அங்கி அணிந்தவரும் தயக்கமின்றி ஏறலாம்.

மூர் தம் வண்டிக்கு நடிகை சோபியா லோரனின் பெயரைச் சூட்டியிருக்கிறார். பழைய வெஸ்பாவைக் கண்டதும் இத்தாலியர் முகம் மலர்ந்து தாமாகவே பேச வருகின்றனர். பழுது ஏற்பட்டால் கைகொடுக்கின்றனர். நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பழுதாகாத வண்டியில் செல்பவருக்கு எந்த ஊரிலும் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. நிற்காதவருக்கு மனிதர் இல்லை. எர்னஸ்டோ சே குவேராவின் 1952ஆம் ஆண்டுப் பயணத்திலும், மோட்டார் சைக்கிள் சிலி நாட்டில் கைவிட்ட பிறகுதான் சுரங்கத் தொழிலாளரும் நோயாளரும் அவர் கண்ணில் பட்டனர். இப்னு பதூதா சொல்லி 1355இல் எழுதி முடிக்கப்பட்ட 'ரிஹ்லா'வை இன்றும் நாம் விரும்பிப் படிப்பதற்கு அவர் கடந்த தொலைவு மட்டுமா காரணம்? எவர் விருந்தளித்தார், எவர் தங்க இடம் கொடுத்தார் என்று பெயர் சொல்லி எழுதிய நன்றியுணர்வும் அல்லவா!

ஆனால் நூலின் அடிப்படை நோக்கத்தோடு நாம் உடன்பட இயலவில்லை. இத்தாலியின் 'இனிய வாழ்வை'த் தேடிச் செல்வதாக அதன் துணைத்தலைப்பு அறிவிக்கிறது. அத்தொடருக்கு உலகப்புகழ் தந்தது ஃபெல்லினியின் 1960ஆம் ஆண்டுத் திரைப்படம். படம் காட்டுவதோ செல்வர் வாழ்வின் வெறுமையை! கசப்பைச் சொன்ன ஒருவரின் கேலித் தலைப்பைப் பிற்காலத்தவர் விளம்பரப் பலகையாக்கிக்கொண்டனர்.

அந்த 1961ஐயே எண்ணிப் பாருங்கள். டஸ்கனியின் நாட்டுப்புறத்தில் விளைச்சலை நிலக்கிழாரோடு பங்கிட்டு வாழ்ந்த வாரக்குடிகள், நிலத்தையும் வீட்டையும் விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடுத்தபோது, அம்முறை முன்பே சரிந்துகொண்டிருந்தது. வெஸ்பா பிறந்ததும் அதே டஸ்கனியில்தான். போரில் குண்டுவீச்சால் சிதைந்த பொந்தெதேரா விமானத் தொழிற்சாலையில், விமானப் பொறியாளர் தஸ்கானியோ வகுத்த வண்டி 1946இல் வெளிவந்தது. உழவர் மக்களைத் தொழிற்சாலை வாயிலுக்குக் கொண்டு சேர்த்த வண்டிகளுள் அதுவும் ஒன்று. அவர்கள் விட்டுச் சென்ற கல்வீடுகளை அயல்நாட்டார் பலர் வாங்கிக் கோடை இல்லங்களாக்கினர். இன்று அந்தச் சைப்ரஸ் மர வரிசைகளிடையே அதே பழைய வண்டியில் இன்பப் பயணம் செல்பவர், அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டாமா? இக்கேள்விக்கு மூரின் நூலில் நாம் விரும்பிய அளவு இடம் கிடைக்கவில்லை.

நகைச்சுவை நூலிடம் இவ்வளவு கேட்பது நியாயமா என்று சிலர் வினவலாம். நியாயமே. சிரிக்கச் சிரிக்கச் சொல்பவர் உண்மையையும் சேர்த்துச் சொல்லக் கூடாதென்று எவரும் விதி வகுக்கவில்லை. கார்லோ லெவி 1935-36இல் முசோலினி அரசால் தென்னித்தாலியின் ஏழைக் கிராமத்துக்கு நாடுகடத்தப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டவும் அனுமதியற்று இருந்த அவர் 1945இல் வெளியிட்ட நூல், எந்த ஊர்தியில் சென்றவரும் காட்டாத இத்தாலியைக் காட்டுகிறது. மூரைப் படித்து மகிழ்பவர்கள் அடுத்து லெவியைப் படிக்கட்டும்.

மூர் 2007இல் தொடர்ச்சியாக ஒரு நூல் வெளியிட்டார். இம்முறை ஆரஞ்சு நிற வெஸ்பா. நடிகர் மாஸ்ட்ரோயானியை நினைவூட்டும் 'மார்செல்லோ' என்ற பெயர். சார்டினியா, சிசிலித் தீவுகள். முதல் நூலில் தேடல் இருந்தது. இரண்டாவதில் பழக்கம் தெரிகிறது. ஒன்றையே வாங்க இயலுமென்றால் முதல் நூலை வாங்கலாம். ஆங்கிலம் எளியது, கல்லூரியில் பயிலும் பிள்ளைகளுக்குத் தடையிராது.