முழுதாக அகற்றுவதுதான் வெற்றியா?

தெல்தோட்டைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு வந்து, காதுக்குள் நாடி அடிக்கும் சத்தம் கேட்கிறது, ஒரு பக்கம் மந்தமாகிவிட்டது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செவிப்பறைக்குப் பின்னால் சிவந்த கட்டி தெரிந்தால் குளோமஸ் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். இரத்தக் குழாய்கள் அடர்ந்தது, அபூர்வமானது, பெரும்பாலும் புற்றுநோயல்ல. துண்டு வெட்டிச் சோதித்தால் இரத்தம் பீறிடும் என்பதால் ஸ்கேன் படங்களை வைத்தே தீர்மானிக்கிறார்கள்.

நடுச்செவிக்குள் அடங்கிய சிறு கட்டிக்குச் சத்திரசிகிச்சையே சிறந்தது. சத்தம் நிற்கும், கேட்கும் திறனும் பெரும்பாலும் தேறும். இதில் எனக்குத் தயக்கமில்லை.

கழுத்துச் சிரை மண்டையோட்டை விட்டு இறங்கும் துவாரத்தில் வளரும் கட்டியோ வேறு. 1970களில் சூரிச்சின் ஊகோ ஃபிஷ், முகநரம்பை இடம்பெயர்த்து அந்த ஆழத்தை எட்டும் வழியை வகுத்தார். முன்கூட்டியே இரத்தக் குழாய்களை அடைப்பது இரத்த இழப்பையும் குறைத்தது. மகத்தான சாதனைதான். ஆனால் விழுங்கவும் பேசவும் உதவும் நரம்புகள் அதே துவாரத்தால்தான் செல்கின்றன; கட்டியை அகற்றும்போது அவை செயலிழக்கலாம். இளையவர் அந்த இழப்புக்கு ஓரளவு பழகிக்கொள்வார். முதியவருக்கோ உணவு நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பல கட்டிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளர்கின்றன. அவ்வளவு மெதுவாக வளரும் கட்டிக்காக நன்றாக இயங்கும் நரம்புகளைப் பலியிடுவது தவறு என்பதே என் கருத்து.

இதற்கு மாற்றான குறிவைத்த கதிர்ச் சிகிச்சை கட்டியைக் கரைத்துவிடாது; ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு வளர்ச்சியைத் தடுக்கும். அதன் குறை, ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டியிருப்பது. இலவச வைத்தியம் இருந்தும், கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு நாளும் கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. ஆகவே தோட்டத்து நோயாளிக்கு ஒரேயடியாக வெட்டி எடுப்பதே நல்லது என்று வாதிடலாம். அந்த வாதத்தின் இரக்கம் புரிகிறது, ஏற்க முடியவில்லை. வெட்டும்போது நரம்புகள் போனால், விழுங்கும் பயிற்சிக்கும் குரல் சிகிச்சைக்கும் அவர் அதைவிட அடிக்கடி மலையிறங்கி வர வேண்டியிருக்கும்.

எந்த வழியானாலும், வைத்தியர்களே, சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்குமுன் எந்த நரம்பு போகக்கூடும், அதனால் சாப்பாடும் பேச்சும் என்னவாகும் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். நோயாளியும் வீட்டாரும் அதைக் கேட்காமல் கையொப்பமிட வேண்டாம்.