வழிவிடத் தெரிந்தவர்களின் பந்தயம்

கெடாவின் குருணுக்கு மேற்கே எழுந்து நிற்கும் குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடலைக் கடந்து கடாரம் தேடி வந்த பாய்மரக் கப்பல்களுக்குக் கரை நெருங்கிவிட்டதைச் சொன்ன மலை அது. அந்த மலைக்கு மேற்கே உள்ள கடலில் இன்றும் பாய்கள் விரிகின்றன. 1990-இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் போட்டி, கிள்ளான் துறைமுகத்தில் புறப்பட்டு பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்கு வந்து சேர்கிறது. லங்காவிக்கென்றே ஓர் அரச போட்டி 2003 முதல் நடக்கிறது. பெரிய படகுகளின் கம்பீரம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பாய்மரப் படகோட்டும் கலையின் நுட்பம் முழுவதையும் ரசிக்க வேண்டுமானால், ஒரே ஆள், ஒரே பாய் என்று ஓடும் சிறு படகுகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஆப்டிமிஸ்ட் என்ற படகு 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை. 1947-இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காக வடிவமைத்தது. பதினைந்து வயது வரை உள்ளவர்கள் ஓட்டும் இந்தப் படகின் 2010-ஆம் ஆண்டு உலகப் போட்டி நம் லங்காவியில் நடந்தது. பத்து வயதுப் பிள்ளை ஓட்டும் இந்தச் சிறு படகுக்கும் ஒலிம்பிக்கில் ஓடும் படகுக்கும் அடிப்படை விதிநூல் ஒன்றேதான். நான்காண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடப்படும் அந்த நூலின் இப்போதைய பதிப்பு 2025 முதல் 2028 வரைக்குமானது.

முதல் அழகு, தொடக்கத்தில் இருக்கிறது. ஓட்டப்பந்தயம்போல் கோட்டில் நின்று புறப்பட முடியாது. படகுக்குப் பிரேக் கிடையாது. போட்டியை நடத்தும் குழுவின் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தப் படகு வகையின் கொடி ஏறும். நான்கு நிமிடத்தில் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள ஆயத்தக் கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். வகைக் கொடியும் இறங்கினால் பந்தயம் தொடங்கிவிட்டது. ஊதல் சத்தம் உதவிக்குத்தான். நேரக் கணக்கு கொடியோடு. அந்த ஐந்து நிமிடமும் ஓட்டுபவர் பாயைத் தளர்த்தியும் இறுக்கியும், காற்றையும் நீரோட்டத்தையும் நெஞ்சுக்குள் கணக்கிட்டு, கடைசி நொடியில் முழு வேகத்தோடு கோட்டைத் தொட வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி ஏறும். முந்தியவர் திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும். நல்ல தொடக்கம் ஒன்றைப் பார்த்தவருக்குப் பந்தயத்தின் பாதிச் சுவை அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது வழிவிடும் விதிகள். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். ஆகவே படகுகள் ஒன்றின் பாதையை ஒன்று வெட்டிக்கொண்டே இருக்கும். அப்போது யார் விலகுவது? 10-ஆம் விதிப்படி, இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் வாங்கும் படகுக்கு விலக வேண்டும். ஒரே பக்கம் காற்று வாங்கி அருகருகே ஓடினால், காற்று வரும் திசையில் இருக்கும் படகு விலக வேண்டும். முன்னும் பின்னுமாக ஓடினால் பின்னால் வருவது விலக வேண்டும். திசை திரும்பிக்கொண்டிருக்கும் படகு மற்ற எல்லாருக்கும் விலக வேண்டும். ஆழமான நான்கு வரிகள் இவை. ஒருவருக்குக் கிடைக்கும் முன்னுரிமை, இன்னொருவர் ஏற்கும் கடமையிலிருந்தே பிறக்கிறது. முன்னுரிமை பெற்றவரும் திடீரென்று திரும்பி அடுத்தவரைத் திணறடிக்கக் கூடாது; அவர் விலக இடம் தர வேண்டும். மோதலைத் தவிர்ப்பது இருவர் பொறுப்பும்தான்.

மிதவையைச் சுற்றும் இடத்தில் இந்த நுட்பம் உச்சத்துக்குப் போகிறது. மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு வட்டம் உண்டு. ஆப்டிமிஸ்டுக்கு ஏறக்குறைய 7 மீட்டர். தண்ணீரில் யாரும் வரையாத வட்டம். முதல் படகு அதற்குள் நுழையும் கணத்தில், பக்கவாட்டில் உள்ளே ஒன்றியிருக்கும் படகுக்கு வெளியே இருப்பவர் இடம் கொடுத்தாக வேண்டும். அலை, காற்று, பதற்றம் எல்லாவற்றுக்கும் நடுவே பிள்ளைகள் அந்த வட்டத்தைக் கண்ணாலேயே அளந்து விடுகிறார்கள்.

சிறு படகுத் தொடர்களில் பெரும்பாலும் ஒவ்வொரு படகின் பக்கத்திலும் ஒரு நடுவர் வருவதில்லை. வழிவிடும் விதியை மீறியவர், மற்றவர்களை விட்டு விலகிப் போய், ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம். மிதவையில் உரசினால் ஒரு சுற்று. மறுப்பவர்மேல் மற்றவர் முறையிடலாம்; 6 மீட்டருக்குக் குறைந்த படகானால் சிவப்புக் கொடியும் தேவையில்லை, உடனே கூவிச் சொன்னால் போதும். கரையேறியபின் விசாரணை. ஆனாலும் சொல்லாமலே சுற்றுபவரைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் நிறைகிறது.

இந்த விதிநூலின் முதல் விதி வெற்றியைப் பற்றியதல்ல. ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவியைச் செய்ய வேண்டும் என்கிறது. 1988 சோல் ஒலிம்பிக்கில், பூசான் கடலில், கனடாவின் லாரன்ஸ் லெமியூ தம் ஓட்டத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். பலத்த காற்றில் சிங்கப்பூர் வீரர்கள் இருவரின் படகு கவிழ்ந்ததைக் கண்டதும் பந்தயத்தை விட்டு அவர்களிடம் போனார். மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். வெகு பின்தங்கி முடித்த அவருக்கு, நடுவர் குழு இரண்டாம் இடத்தையே வழங்கியது. உதவப் போய் இழந்த இடத்தைத் திருப்பித் தர விதியிலேயே வழி இருந்தது. அறத்தை அறிவுரையாகச் சொல்லி நிறுத்தாமல், அதற்கான இழப்பை ஈடுசெய்யவும் ஏற்பாடு செய்து வைத்த விதி இது.

மதிப்பெண் முறையும் ஓர் இழப்பை மன்னிக்கும் குணம் கொண்டது. முதலிடத்துக்கு 1, இரண்டாம் இடத்துக்கு 2. குறைந்த கூட்டுத்தொகை வெல்லும். பல தொடர்களில் மிக மோசமான ஓட்டம் ஒன்று கழிக்கப்படும். ஐந்து ஓட்டங்களில் ஒருவர் 1, 1, 7, 8, 9 என்று முடிக்கிறார். இன்னொருவர் 3, 4, 3, 2, 3. ஒன்றைக் கழித்தால் முன்னவருக்கு 17, பின்னவருக்கு 11. ஒரு ஓட்டத்தில்கூட முதலில் வராதவரே வெற்றியாளர். சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை, டோக்கியோவில் 35-ஆம் இடத்திலிருந்து பாரிஸில் 21-ஆம் இடத்துக்கு ஏறியதும் இப்படி ஓட்டங்களைக் கூட்டிக் கணக்கிடும் முறையில்தான். டோக்கியோவில் நம் மலேசியாவின் நூர் ஷஸ்ரினும் அதே வகைப் படகில் ஓடினார்.

லங்காவி நம் கெடாவின் தீவு. குவாலா கெடாவில் ஃபெர்ரி ஏறினால் போய்விடலாம். குருணிலும் பீடோங்கிலும் வளரும் நம் பிள்ளைகளை ஒருமுறையாவது ஒரு தொடரைப் பார்க்க அழைத்துப் போக வேண்டும். முடிந்தால் படகிலும் ஏற்ற வேண்டும். தோற்பதை ஒரு ஓட்டத்தோடு விட்டுவிடவும், தன் தவற்றைத் தானே தீர்த்துவிட்டு மறுபடி காற்றைப் பிடிக்கவும் பத்து வயதிலேயே கற்றுக்கொடுக்கும் விளையாட்டு இதுபோல் வேறொன்றை நான் கண்டதில்லை.